மறு: சப்சிடியாரிட்டிக்கு ‘துணைமை’ பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம். முடிவெடுக்கும் பொறுப்பு எந்த மட்டத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லும் ‘சப்சிடியாரிட்டி’ (subsidiarity) கோட்பாட்டுக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் பேச்சில், குழுவில் வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> ‘துணைமைக் கோட்பாடு’ என்றே வைத்துவிடலாம். மூலச்சொல்லுக்கு நெருக்கமாக இருக்கிறது.

மூலச்சொல்லைப் பொறுத்தவரை கும்பகோணத்து ஐயா சொல்வது சரிதான். சப்சிடியம் என்ற லத்தீன் சொல்லுக்கு உதவி, பின்னால் நிறுத்திவைத்த படை என்றெல்லாம் பொருள். ஆனால் நம் காதில் அது எப்படி விழும்? துணை வட்டாட்சியர், துணைத் தலைவர் என்று கேட்டுப் பழகியவர்கள் நாம். ‘துணைமை’ என்றால் ஊராட்சி மேலிடத்துக்கு எடுபிடி என்றுதான் தோன்றும். கோட்பாடு சொல்வதோ நேர் எதிர்: ஒரு முடிவை எடுக்க இயன்றவர்களில் ஆகக் கீழே இருப்பவரே அதை எடுக்கட்டும், அவரால் முடியாதபோதுதான் மேலே இருப்பவர் வரட்டும்.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டி பக்கம், கடைமடை; காவிரித் தண்ணீர் கடைசியாக வந்துசேரும் இடம். யார் நாற்றங்காலுக்கு முதலில் தண்ணீர், எந்த மடையை எப்போது அடைப்பது என்பதெல்லாம் வாய்க்கால் கரையிலேயே பேசி முடிந்துவிடும். போன வருஷம் ஒரு மடை உடைந்தபோது இரண்டு கட்டு வைக்கோலைத் திணித்து, களிமண் போட்டு மிதித்து அடைத்தோம். ஆட்சியருக்கு யாரும் போன் போடவில்லை. ஆற்று மதகில் ஷட்டர் சிக்கிக்கொண்டால் அது வேறு கதை, மதகைத் திறந்து மூடும் பாசனப் பணியாளரான லஸ்கர் வந்தாக வேண்டும். கல்லணையில் காவிரிக்கு எவ்வளவு, வெண்ணாற்றுக்கு எவ்வளவு என்பது மாநில அரசின் வேலை. கர்நாடகம் எவ்வளவு விடுவது என்பது மாநிலத்தின் கையிலும் இல்லை; அதற்குத்தான் 177.25 டிஎம்சி என்ற 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் காவிரி மேலாண்மை ஆணையமும்.

> அதிகாரப் பரவலாக்கம் என்ற சொல் இருக்கிறதே?

இரண்டும் ஒன்றல்ல. பரவலாக்கத்தில் மேலே இருப்பவர் கொடுக்கிறார். கொடுத்தவர் திரும்ப எடுத்துக்கொள்ளவும் செய்யலாம். ஊராட்சிகளுக்காக 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தைப் பாருங்கள். பதினொன்றாம் அட்டவணையில் 29 பொருள்கள், சிறு பாசனமும் அதில் உண்டு. ஆனால் 243ஜி பிரிவின்படி அவற்றை ஊராட்சிக்குத் தருவதா வேண்டாமா என்பது மாநிலச் சட்டமன்றத்தின் விருப்பம். ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்க 1992இல் கையெழுத்தான மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கை வேறு மாதிரி. தனக்கே உரிய துறைகள் போக மற்றவற்றில், உறுப்பு நாடுகளால் போதிய அளவு செய்ய இயலாததில்தான் ஒன்றியம் கைவைக்கலாம் என்கிறது.

முதலில் ‘கடைமடை முதன்மை’ என்று எழுதிப் பார்த்தேன். வீட்டில் படித்துக் காட்டியதும் சிரித்துவிட்டார்கள், கடைமடைக்கு என்றைக்கு முதன்மை கிடைத்தது என்று. அதோடு அது போயிற்று.

இப்போது என் பரிந்துரை ‘அருகமை முடிவுரிமை’. அருகமைப் பள்ளி என்று கல்வித்துறையில் ஏற்கெனவே புழங்கும் சொல்தான் இது. மேல்மட்டம் உதவிக்கு வரும் என்ற பாதி இதில் இல்லை. குறைதான், அதை வரையறையில் சேர்த்துக்கொள்ளலாம். ‘அருகமை ஆட்சி’ இன்னும் சுருக்கம், ஆனால் உள்ளாட்சியோடு குழம்பும்.

திருவையாற்று அக்கா ஞாயிற்றுக்கிழமைக்குள் அகராதிக் குறிப்பு கேட்டிருக்கிறார். அதற்குள் ‘முடிவுரிமை’யா, ‘முடிவதிகார’மா என்று மட்டும் சொல்லுங்கள். அதிகாரம் என்றால் யாரோ கொடுத்தது மாதிரி எனக்குப் படுகிறது.