கட்டாய விடுப்பின் ஆறாவது நாள்

எனக்கு 41 வயது. கடலூர் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் வங்கி அதிகாரி. எங்கள் கிளையில் நகைக்கடன்தான் உயிர். விதைப்பு, ஸ்கூல் ஃபீஸ், கல்யாணம், எல்லாத்துக்கும் நகை வரும். அதோடு இன்சூரன்ஸ் டார்கெட், வராக்கடன் வசூல், ராத்திரி 8 மணிக்கு ரிவ்யூ கால். இரண்டு வருஷம் இப்படியே ஓடி, கடைசியில் பர்ன்அவுட்டில், அதாவது வேலையால் வரும் தீராத சோர்வில், கொண்டுவந்து விட்டது.

ஞாயிறு மதியமே வயிறு பிசைய ஆரம்பிக்கும். விடிகாலை 3 மணிக்கு விழிப்பு வந்தால் அதன்பிறகு தூக்கம் கிடையாது. ஒரு நாள் காலை, பணமும் நகையும் இருக்கும் ஸ்ட்ராங் ரூம் முன்னால் நிற்கிறேன். சாவி இரண்டு பேரிடம் இருக்கும். கேஷியர் தன் சாவியைத் திருப்பிவிட்டு எனக்காகக் காத்திருக்கிறார். என் சாவியை எந்தப் பக்கம் திருப்புவது என்று எனக்குத் தெரியவில்லை. தினமும் திருப்புகிற சாவி! "வலது பக்கம் மேடம்" என்றார் மெதுவாக. அன்று மதியம், ரசீதை மறந்துவிட்டு நகை மீட்க வந்த ஒரு பாட்டியிடம் கத்திவிட்டேன். அவர் எதுவும் பேசவில்லை. தோடில்லாத காதைத் தடவிக்கொண்டே படியிறங்கிப் போனார். அந்தக் கை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

அந்த மாதம் என்னைக் கட்டாய விடுப்பில் அனுப்பினார்கள். முக்கியப் பொறுப்பில் இருப்பவர்களை வருஷத்துக்கு ஒருமுறை, முன்கூட்டிச் சொல்லாமல், சேர்ந்தாற்போல் 10 வேலைநாள் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. மோசடி இருந்தால் வெளிவரட்டும் என்பதற்காக வைத்தது. அந்த நாட்களில் வங்கி வேலை எதையும் தொட முடியாது. முதல் ஐந்து நாள் பீரோவை அடுக்கினேன், பரணைத் துடைத்தேன். 8 மணியானால் கை தானாக போனுக்குப் போனது. ஆறாவது நாள் மதியம் பாயில் சாய்ந்தவள், கண் விழித்தபோது விளக்கு வைத்திருந்தார்கள். அம்மா எழுப்பவில்லை. பக்கத்தில் டீ ஆறி ஆடை படிந்து கிடந்தது. அதைப் பார்த்து அழுதேன்.

சரியாகிவிட்டது என்று நினைத்துத்தான் திரும்பிப் போனேன். மூன்றே வாரம், மறுபடி அதே 3 மணி விழிப்பு. லீவு எனக்கு மூச்சுவிட இடம் கொடுத்தது, அவ்வளவுதான். வேலையின் பாரம் அங்கேயே இருந்தது.

அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனேன். டாக்டரம்மா முதலில் தைராய்டும் ரத்தமும் பார்க்கச் சொன்னார். ஹீமோகுளோபின் 8.9தான் இருந்தது, ரத்தசோகை! மனசு மனசு என்று நான் சொல்லிக்கொண்டிருந்த களைப்பில் இதுவும் சேர்ந்திருந்திருக்கிறது. தயவுசெய்து இந்த டெஸ்டுகளை முதலில் எடுத்துவிடுங்கள். மனச்சோர்வு நோய் இருக்கிறதா என்று தனியாகவும் கேள்வி கேட்டுப் பார்த்தார். பிறகு விளக்கினார்: தீராத களைப்பு, வேலைமேல் வெறுப்பு, நம்மால் எதுவும் முடியவில்லை என்ற எண்ணம். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் பர்ன்அவுட். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இதை நோய் என்று சொல்லாமல், வேலை சார்ந்த நிலை என்றே வகைப்படுத்தியிருக்கிறது. "அதனால வேலையில எதைக் குறைக்கப் போறீங்கன்னு முதல்ல சொல்லும்மா."

சாவிப் பொறுப்பை இன்னொரு அதிகாரி எடுத்துக்கொண்டார். ரிவ்யூ கால் ஒருநாள் விட்டு ஒருநாள் என்றானது. மேலாளரிடம் கேட்கப் போனபோது கால் நடுங்கியது, ஆனால் அவர் மறுக்கவில்லை. ஆபீஸ் போன் ராத்திரி எட்டரைக்கு மேல் அடுக்களை அலமாரியில்தான் இருக்கும். அந்த வருஷம் பிரமோஷன் பரீட்சை எழுதவில்லை. எல்லாவற்றிலும் அதுதான் அதிகம் வலித்தது, இன்றும் வலிக்கிறது. விடியும்வரை தொடர்ந்து தூங்க 11 மாதம் ஆனது.

* * *

பேங்க் அக்கா, ஞாயிறு மதியம் வயிறு பிசையும்னு எழுதினீங்களே, படிக்கிறதை அங்கேயே நிறுத்திட்டேன். நான் டீச்சர். எனக்கு வீடுதான் அந்த இடம். மாமியாருக்குப் பக்கவாதம் வந்து படுக்கையில இருக்காங்க. படுக்கைப்புண் வராம இருக்க 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கணும். ராத்திரியும்தான். வகுப்புல கரும்பலகையில பாதி வாக்கியம் எழுதிட்டு மீதி என்னன்னு தெரியாம நின்னிருக்கேன்.

ஒருநாள் ராத்திரி 2 மணிக்கு 14416-க்குப் போட்டேன். அரசாங்கத்தோட டெலி மானஸ்ங்கிற மனநல உதவி எண், காசு கிடையாது, எந்த நேரமும் எடுப்பாங்க. தமிழ்லயே பேசினாங்க. "உங்களுக்கு மாத்தாளா யார் இருக்காங்க?"ன்னு கேட்டாங்க. என்கிட்ட பதில் இல்ல. மறுநாள் நாத்தனாருக்குப் போன் பண்ணேன். கெட்ட பேர் வரும்னு மூணு வருஷமா கேட்காம இருந்தது. "நீங்க கேட்கலையே அண்ணி"ன்னாங்க. இப்போ வெள்ளி, சனி ராத்திரி அவங்க பார்த்துக்கிறாங்க. வாரத்துல ரெண்டு ராத்திரி முழுசா தூங்குறேன். மத்த அஞ்சு ராத்திரி இன்னும் கஷ்டம்தான், அதையும் சொல்லணும்.

* * *

நீங்கள் இருவரும் எழுதியதைப் படித்தேன். நான் எதிர்ப்பக்கத்தில், சோர்ந்து போனவளின் கணவனாக இருந்தவன். என் மனைவி ஐசியூ நர்ஸ். அவள் சோர்ந்து விழுந்த நாட்களில் "எல்லாருக்கும்தான் வேலை இருக்கு" என்று நான் சொல்லியிருக்கிறேன். பிறகு கொடைக்கானல் கூட்டிப் போனேன். மூன்று நாளும் அறையை விட்டு வெளியே வரவில்லை. இவ்வளவு செலவு செய்தும் இப்படியா என்று கோபப்பட்டேன். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

"நான் என்ன செய்யணும்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். ஒருநாள் சொன்னாள், "அதை யோசிச்சுச் சொல்றதும் எனக்கு ஒரு வேலைதானே." அதற்குப்பிறகு கேட்பதை நிறுத்தினேன். காலை டிபனும் பிள்ளைகளின் டிபன் பாக்ஸும் என் பொறுப்பு. நைட் டூட்டி முடிந்து வந்தால் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, காலிங் பெல் ஆஃப், பிள்ளைகள் பக்கத்து வீட்டு அத்தையிடம்.

ஒரு வருஷமாக எதை வைத்தாலும் பேசாமல் சாப்பிட்டவள், போன வாரம் தட்டைத் தள்ளிவிட்டு, "சட்னியில இவ்வளவு உப்பா போடுவாங்க?" என்று சத்தம் போட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.