புதுப்பிப்பு: இரண்டு 970-ஆ, ஒரு 1070-ஆ?

கையில் இருக்கும் ஜிடிஎக்ஸ் 970 கிராஃபிக்ஸ் கார்டுக்குத் துணையாக இன்னொன்று வாங்கி எஸ்எல்ஐ-யில் (இரண்டு என்விடியா கார்டுகளைச் சேர்த்து ஓட்டும் முறை) இணைப்பதா, இல்லை ஒரே ஜிடிஎக்ஸ் 1070-க்குப் போவதா என்று கேட்டிருந்தேன் அல்லவா, 1070 வாங்கியாச்சு.

முடிவு செய்ய வைத்தது மெமரிதான். இரண்டு 4 ஜிபி கார்டைச் சேர்த்தால் 8 ஜிபி ஆகிவிடாது, அதே டெக்ஸ்சரை (கேமில் பொருள்களின் மேல் ஒட்டும் படம்) இரண்டும் தனித்தனியாக வைத்துக்கொள்ள வேண்டும், அதிலும் 970-இல் வேகமான பகுதி 3.5 ஜிபிதான், மிச்ச அரை ஜிபி மெதுவானது. 1070-இல் முழுசாக 8 ஜிபி.

எஸ்எல்ஐ நன்றாக வேலை செய்யும் கேமில் இரண்டு 970 ஒரு 1070-ஐ எட்டிப்பிடிக்கும், சிலதில் முந்தும், சரி. ஆனால் கார்டுகள் மாறி மாறி ஃபிரேம் (திரையில் வரும் ஒவ்வொரு படம்) வரைவதால் அவற்றின் இடைவெளி சீராக இருக்காது, எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) எண் அழகாக இருந்தாலும் படம் திக்கித் திக்கி ஓடும் (எனக்கு அது தலைவலி). டைரக்ட்எக்ஸ் 12-இல் (விண்டோஸ் கேம்கள் கார்டோடு பேச உதவும் மென்பொருள்) இரண்டு கார்டுக்கும் வேலை பிரிக்கும் பொறுப்பு பெரும்பாலும் கேம் எழுதுபவர்கள் தலையில், பலர் அந்தப் பக்கமே போவதில்லை.

அப்புறம் பவர் சப்ளை: 970 ஒன்றுக்கே 145 வாட், 1070-க்கு 150. பழையதே போதும். 970-ஐத் தம்பி கேட்கிறான், கொடுத்துவிடுவேன்.