அக்கிந்தோலா செய்தது துரோகமா? வக்காலத்து வாங்க வந்திருக்கிறேன்

கோடைமழை:
நைஜீரியா அரசியல் பேச்சு வந்தாலே அவோலோவோ புராணம்தான். 1955இல் மேற்கு மாநில முதல்வராக இலவசத் தொடக்கக் கல்வி தந்தவர், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கதையில், அவருடைய கட்சியிலேயே துணைத் தலைவராக இருந்து பிறகு அவரோடு முட்டிக்கொண்ட சாமுவேல் லடோக்கே அக்கிந்தோலாவுக்கே எப்போதும் வில்லன் வேஷம், துரோகிப் பட்டம். ஆள் யார் என்று பாருங்கள். 1910இல் ஒக்போமோஷோவில் பிறந்து, பள்ளி ஆசிரியராக இருந்து, ரயில்வேயில் வேலை பார்த்து, 'டெய்லி சர்வீஸ்' பத்திரிகைக்கு ஆசிரியராகி, அப்புறம் இங்கிலாந்து போய்ச் சட்டம் படித்துவந்த வழக்கறிஞர். 1959இல் விடுதலை வேண்டும் என்ற தீர்மானத்தை 1957இலேயே மத்திய சபையில் கொண்டுவந்தவரும் இவர்தான். அவோலோவோ மத்திய அரசியலுக்குப் போனதும் மேற்கு மாநில முதல்வரானார்.

1962 மே மாதம் என்ன நடந்தது? 124 பேர் கொண்ட மாநிலச் சபையில் 66 பேர், இவருக்கு எங்கள் ஆதரவு இல்லை என்று கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம். அதை வைத்துக்கொண்டு ஆளுநர் இவரை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். சபையைக் கூட்டி வாக்கெடுப்பு நடத்துங்கள் என்று இவர் கேட்டதில் என்ன தப்பு? கட்சி ஆபீஸில் வாங்கிய கையெழுத்தும் சபையில் எழுந்து நின்று போடும் ஓட்டும் ஒன்றா?

பனங்கருப்பட்டி:
வக்கீல் சார், பாதிக் கதையோடு நிறுத்திவிட்டீர்களே. மே 25ஆம் தேதி சபை கூடத்தான் செய்தது. புது முதல்வர் அடெக்பென்ரோ மீது நம்பிக்கைத் தீர்மானம் வரும் நேரத்தில் அக்கிந்தோலா பக்கத்து உறுப்பினர் ஒருவர் துள்ளி எழுந்து 'மலையில் தீ! மலையில் தீ!' என்று கத்த ஆரம்பித்தார். நாற்காலிகள் பறந்தன. இன்னொருவர் செங்கோலைத் தூக்கி சபாநாயகரை அடிக்க ஓங்கினார். குறி தப்பி அது மேசையில் பட்டு உடைந்தது. போலீஸ் கண்ணீர்ப்புகை போட்டது. மே 29இல் மத்திய அரசு நெருக்கடி நிலை அறிவித்து, ஆறு மாதத்துக்கு ஒரு நிர்வாகியை உட்கார வைத்தது. ஓட்டெடுப்பு கேட்டவரின் ஆட்களே ஓட்டெடுப்பு நடக்கவிடவில்லை. இதற்கா வக்காலத்து?

கோடைமழை:
கலவரத்தை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அவரை நீக்கிய ஆளுநர் யார் என்று சொல்லுங்கள். சர் அடெசோஜி அடெரெமி, இஃபே நகரத்து ஊனி, அதாவது மன்னர். அவோலோவோவுக்கு வேண்டப்பட்டவர். அதனால்தானே அக்கிந்தோலா கோர்ட்டுக்குப் போனார்? 1962 ஜூலையில் நைஜீரிய உச்ச நீதிமன்றம், சபையில் வாக்கெடுப்பு இல்லாமல் முதல்வரை நீக்க முடியாது என்று இவர் பக்கம் தீர்ப்பு சொன்னது. 1963 ஜனவரி 1ஆம் தேதி மறுபடியும் முதல்வர்.

பனங்கருப்பட்டி:
மறுபடியும் பாதி. 1963 மே மாதம், அன்று நைஜீரிய வழக்குகளுக்கு மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் அந்தத் தீர்ப்பைக் கவிழ்த்துவிட்டது. அரசியல் சட்டத்தில் இருந்த வாசகம், முதல்வருக்குப் பெரும்பான்மை இல்லை என்று 'ஆளுநருக்குத் தோன்றினால்' நீக்கலாம் என்பதே. எப்படித் தோன்ற வேண்டும் என்று எழுதவில்லை. கடிதம் போதும் என்றார்கள். உடனே உங்கள் கட்சிக்காரர் என்ன செய்தார்? தன் கையிலிருந்த சட்டமன்றத்தை வைத்து, முன்தேதியிட்டு அரசியல் சட்டத்தையே திருத்தினார். வழக்கில் தோற்றதும் சட்டத்தை மாற்றுகிற வக்கீலை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

ஈப்போக்காரன்:
மலேசியாவிலிருந்து ஒரு குரல். இது ஏதோ ஆப்பிரிக்காவில் முடிந்துபோன வழக்கு என்று நினைக்காதீர்கள் அண்ணே. 2009இல் எங்கள் பேராக் மாநிலத்தில் மூன்று உறுப்பினர்கள் அணி மாற, முதல்வர் நிசார் பதவி போனது. சபையில் வாக்கெடுப்பு இல்லை. அவருக்குப் பெரும்பான்மை இல்லை என்று சுல்தானே முடிவு செய்தார். மே 7ஆம் தேதி சபாநாயகர் சிவகுமாரைச் சபையிலிருந்து இழுத்து வெளியேற்றினார்கள். கோர்ட்டில் இரண்டு பக்கமும் பேசியது எந்த வழக்கைப் பற்றித் தெரியுமா? அடெக்பென்ரோ எதிர் அக்கிந்தோலா! 2010 பிப்ரவரியில் எங்கள் உச்ச நீதிமன்றம், வாக்கெடுப்பு கட்டாயமில்லை என்று முடித்துவிட்டது. அதற்கு முன்னால் 1966இல் சரவாக் முதல்வர் நிங்கான் வழக்கில் கூச்சிங் நீதிமன்றம் நேர்மாறாக, சபையில் ஓட்டு வேண்டும் என்றது. ஆக, இந்த விஷயத்தில் அக்கிந்தோலா கேட்டது நியாயம் என்பது என் கட்சி. ஆள் எப்படிப்பட்டவர் என்பது வேறு பேச்சு.

செல்லாக்காசு:
பட்டம் பற்றி யாருமே பேசக் காணோமே? 1964இல் ஓயோவின் ஆலாஃபின், அதாவது மன்னர், அக்கிந்தோலாவுக்கு 'ஆரே ஓனா ககான்ஃபோ' பட்டம் கொடுத்தார். பழைய ஓயோ பேரரசின் படைத்தளபதி பட்டம், இவர் 13ஆவது ஆள். அந்தக் காலத்தில் பட்டம் ஏற்பவரின் பின்மண்டையில் 201 கீறல் போட்டு மருந்து தேய்ப்பார்களாம். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை போருக்குப் போயே ஆக வேண்டும். மூன்று மாதத்தில் ஜெயித்துத் திரும்ப வேண்டும், இல்லையென்றால் பிணமாகத்தான் வர வேண்டும் என்று விதி. பட்டம் வாங்கியவர்களுக்கு நல்ல சாவு இல்லை என்று ஒரு நம்பிக்கையும் உண்டு. அஃபோன்ஜா சொந்தக் கூட்டாளிகள் கையில் செத்தார். குருன்மியின் இஜாயே நகரம் தரைமட்டமானது. 14ஆவது ஆளான அபியோலா 1993 ஜனாதிபதி தேர்தலில் ஜெயித்தும் பதவியேற்காமல் 1998இல் காவலிலேயே இறந்தார்.

பனங்கருப்பட்டி:
சாபக் கதையை விடுங்கள், பட்டத்தின் அரசியலைப் பாருங்கள். இஃபே மன்னர் அவோலோவோ பக்கம். அதனால் இவர் ஓயோ மன்னரிடம் போனார். மேற்கு நைஜீரியாவின் யோருபா மக்களிடையே இந்த இரண்டு சிம்மாசனத்துக்கும் யார் மூத்தவர் என்கிற பழைய போட்டி. வேடிக்கை என்னவென்றால், 1950களில் ஓயோவின் ஆலாஃபின் இரண்டாம் அடெயெமியைப் பதவியிறக்கி நாடுகடத்திய, அவோலோவோவின் 'ஆக்‌ஷன் குரூப்' கட்சியில் அன்று இவரும் ஒரு தலைவர். மக்கள் ஆதரவு கரையக் கரையத் தலையில் தலைப்பாகை ஏறுகிறது, அவ்வளவுதான்.

1965 அக்டோபர் தேர்தலையும் சொல்லிவிடுகிறேன். எதிர்க்கட்சி வேட்பாளர்கள் மனு கொடுக்கப் போனால் தேர்தல் அதிகாரி ஆபீஸில் இருக்கமாட்டார். ஆளுங்கட்சிக்காரர் போட்டியின்றித் தேர்வு. சபை ஓட்டின் புனிதம் பேசியவரின் லட்சணம் இது. அப்புறம் 'வெட்டியே' ஆரம்பித்தது. 'இவனை நனை' என்று அர்த்தம். பெட்ரோல் ஊற்றி ஆளையும் வீட்டையும் கொளுத்தினார்கள்.

கோடைமழை:
1965க்கு என்னிடம் பதில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கோழை என்று மட்டும் சொல்லாதீர்கள். 1966 ஜனவரி 14ஆம் தேதி கதுனாவுக்குப் பறந்துபோய், ராணுவப் புரட்சி வரப்போகிறது என்று வடக்கு மாநில முதல்வரை எச்சரித்துவிட்டு, தன் தலைநகரான இபாடான் திரும்பினார். விடிவதற்குள் சிப்பாய்கள் வீட்டைச் சூழ்ந்தார்கள். மற்ற தலைவர்கள் போல இவர் கையைத் தூக்கவில்லை. துப்பாக்கி எடுத்துத் திருப்பிச் சுட்டார். பிறகு வெளியே வந்தபோது சுட்டுக் கொன்றார்கள். இன்னொன்று: 1961இல் இஃபே பல்கலைக்கழகத்துக்கு இவர் ஆட்சியில்தான் சட்டம் போட்டார்கள். இன்று அதன் பெயர் ஓபாஃபெமி அவோலோவோ பல்கலைக்கழகம்.

செல்லாக்காசு:
ஒக்போமோஷோவில் லடோக்கே அக்கிந்தோலா பெயரிலும் ஒரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது ஐயா. அழாதீர்கள்.

பனங்கருப்பட்டி:
திருப்பிச் சுட்டார் என்பது உண்மைதான், அதை நானும் மதிக்கிறேன். நம்பிக்கைத் தீர்மான விஷயத்தில் ஈப்போ நண்பர் சொன்னதையும் யோசிக்கிறேன். ஆனால் அந்தச் செங்கோலை உடைத்தது யார் பக்கத்து ஆள் என்று கோடைமழை இன்னும் பதில் சொல்லவில்லை.