வீட்டோடு இருந்து பிள்ளை வளர்த்தவர்கள்: உங்கள் கணக்கு எப்படி?

பர்கூர் பக்கம்:
கல்யாணத்துக்கு முன்னால் செருப்புக் கம்பெனியில் தையல் பிரிவில் இருந்தேன். பையன் பிறந்ததும் நின்றுவிட்டேன். அவன் நடக்க ஆரம்பித்ததும் மறுபடி கூப்பிட்டார்கள், பிடித்தம் போகக் கைக்குப் பதினோராயிரம். எனக்கும் ஆசைதான். அத்தைதான் கேட்டார்: "நீ போ கண்ணு, பையனை நான் பாத்துக்கறேன். ஆனா தக்காளி பறிக்க, களை எடுக்க நான் போக முடியாது. அந்தக் கூலிய யாரு குடுப்பா?"

சரியான கேள்வி. பாட்டி பார்த்துக்கொள்வார் என்றால் செலவே இல்லை என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அத்தையின் கூலி, மாட்டுக்குப் புல் அறுத்து சொசைட்டிக்குப் பால் ஊற்ற ஓர் ஆள், பையனுக்குச் சளி பிடித்தால் போடும் லீவு என்று கூட்டிக் கழித்தால் மிஞ்சியது மூவாயிரத்துச் சொச்சம். போகவில்லை. ஆனால் நின்ற வருஷங்களுக்குப் பி.எஃப். கிடையாது, இனி போனாலும் புது ஆளாகத்தான் சேர வேண்டும். அந்த நஷ்டம் என்னுடையது மட்டும்தான்.

தர்மபுரி:
எங்கள் அக்கா தொப்பூர் கணவாயில் லாரி மோதி இறந்துபோனார். இழப்பீட்டு வழக்குக்காக வக்கீல், "என்ன வேலை பார்த்தாங்க?" என்று கேட்டார். மாமா, "வேலை ஒண்ணும் இல்லைங்க, வீட்லதான்" என்றார். "கோர்ட்ல அப்படிச் சொல்லிடாதீங்க" என்று வக்கீல் பதறிவிட்டார்.

ஜாம்ஷெட்பூர் தீ விபத்து வழக்கில் 2001-லேயே உச்ச நீதிமன்றம் இல்லத்தரசிகளின் உழைப்புக்கு மாதம் 3,000 ரூபாய் என்று மதிப்புப் போட்டிருக்கிறதாம். சம்பளம் இல்லாவிட்டாலும் அவர்களுக்கு ஒரு வருமானம் கணக்கிட வேண்டும் என்பதை 2021-லும் உறுதி செய்திருக்கிறது. அதனால் காலையிலிருந்து ராத்திரி வரை அக்கா செய்த வேலைகளை ஒன்று விடாமல் எழுதித் தரச் சொன்னார். மாமா நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தார். சின்னவளுக்கு வீசிங் வந்தால் எந்த மருந்து, எத்தனை சொட்டு என்பது அவருக்குத் தெரியவில்லை. ஏழாவது படிக்கும் பெரியவள் சொல்லச் சொல்ல எழுதினார்.

காரிமங்கலம்:
படிக்கவே கஷ்டமாக இருக்கிறது தம்பி. அதே தொப்பூரில்தான் 2023 ஜூலை 24 அன்று மகளிர் உரிமைத் தொகைக்கு மனு வாங்கும் முகாமை முதல்வர் தொடங்கி வைத்தார். மாதம் 1,000 ரூபாய் எனக்கும் வருகிறது. கேஸ் சிலிண்டருக்கே சரியாகப் போகிறது, ஆனாலும் என் கணக்கில் விழும் பணம்.

அதைவிட எனக்கு உதவியது அதே வருஷம் ஜூனில் வந்த சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு. கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்துகளில், வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் பங்கு உண்டு என்றார்கள். பேப்பரில் வந்ததை வெட்டி வைத்திருந்தேன். இப்போது மனை வாங்கும் பேச்சு வந்ததும் அதை எடுத்துக் காட்டி, என் பெயரையும் சேர்க்கச் சொன்னேன். "உனக்கு எதுக்கு, பையன் பேருக்கே எழுதிடலாம்" என்கிறார் வீட்டுக்காரர். நான் விடுவதாக இல்லை. அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, பத்திரம் தை மாதம்.