மிலிட்டரி பேண்டுக்குத் தமிழில் என்ன பெயர்?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம். 'மிலிட்டரி பேண்டு' என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது என்ற நம் பேச்சில் நண்பர் ஒருவர் கேட்டது:

> மிலிட்டரி பேண்டு = இராணுவ இசைக்குழு. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது, ஐயா. பி.பி.சி. 1927இல் வானொலிக்கென்றே ஒரு மிலிட்டரி பேண்டை அமைத்து, 1943இல் கலைத்தது. அது எந்தப் படைப்பிரிவையும் சேர்ந்ததல்ல. பிரிட்டனில் அந்தப் பெயர் வாத்தியச் சேர்க்கையைத்தான் குறிக்கும்: கிளாரினெட், புல்லாங்குழல், ஓபோ, பித்தளை வாத்தியங்கள், கூடவே முரசு. பித்தளை மட்டும் என்றால் பிராஸ் பேண்டு, அது வேறு. 1937 வரை இக்குழுவை நடத்திய வால்டன் ஓ'டானல் (மதராஸில் பிறந்தவர்!) கடற்படை பேண்டிலிருந்து வந்தவர்தான். அதனால் குழு இராணுவத்துடையது ஆகிவிடாது.

ஆங்கில இசையமைப்பாளர் குஸ்தவ் ஹோல்ஸ்ட் 1930இல் இவர்களுக்காக 'ஹாமர்ஸ்மித்' எழுதினார் (லண்டனில் தேம்ஸ் கரையிலுள்ள ஒரு பகுதியின் பெயர் அது). 'இராணுவ இசைக்குழுவுக்காக' என்று மொழிபெயர்த்தால் படிப்பவர் அணிவகுப்பு இசையை எதிர்பார்ப்பார். தொடங்குவதோ தேம்ஸ் நதி. கனத்த குரலுடைய பித்தளை வாத்தியங்களான டியூபாவும் யூஃபோனியமும் அடியில் ஒரே சுற்றை மெதுவாகத் திரும்பத் திரும்ப ஊத, மேலே ஹார்ன்கள் வேறொரு சுருதியில் நகரும். கடைவீதிக் கூட்டம் அப்புறம்தான் வரும். இவ்வளவு அருமையான படைப்பை அந்தக் குழு 1931இல் ஒத்திகை பார்த்ததோடு சரி. 1932இல் வாஷிங்டனில் அமெரிக்க மரீன் பேண்டு வாசித்தது. பிறகு இருபது வருடத்துக்கு மேல் அந்தத் தாள்கள் கிடப்பில் கிடந்தன.

என் பரிந்துரை: ஊதுமேளம்.

மேளம் என்றால் தவில்தானே என்பீர்கள். பெரிய மேளம் என்பது நாகஸ்வரம், தவில், ஒத்து, தாளம் எல்லாம் சேர்ந்தது. நையாண்டி மேளமும் அப்படியே. கல்யாண வீட்டில் "மேளம் பேசியாச்சா?" என்றால் முழு செட்டையும்தான் கேட்கிறார்கள். முன்பு இங்கே ஒருவர் பரிந்துரைத்த 'துளைக்கருவிக் குழு' என்ற சொல்லில் முரசுக்கு இடமில்லை.

இன்னொன்று. இசை நடத்துநர் முன்னால் எல்லா வாத்தியமும் வரிவரியாக அடங்கிய தாள் இருக்கும். மூன்றாம் கிளாரினெட்காரர் முன்னால் அவர் ஊத வேண்டியது மட்டும் இருக்கும். இரண்டையும் 'இசைக்குறிப்பு' என்றே எழுதிவருகிறோம். கிடப்பில் கிடந்தது எது என்று சொல்ல நேர்ந்தால் மாட்டிக்கொள்வோம். முதலாவதைக் 'கோவைத்தாள்' எனலாம். இரண்டாவதற்குக் 'கருவித்தாள்' என்று எழுதிப் பார்த்தேன், சரிவரவில்லை: முதல் கிளாரினெட்டும் மூன்றாம் கிளாரினெட்டும் ஒரே கருவி, தாள்தான் வேறு. ஆகவே 'பங்குத்தாள்'. பேண்டில் வாசிப்பவர்கள் யாரேனும் இந்த மடலைப் படிக்கும் நண்பர்களில் இருந்தால், இது வாயில் வருகிறதா என்று சொல்லுங்கள்.

அன்புடன்.