குழந்தையோடு வெளியே போன இடத்தில் நடந்தது, இன்னும் மனதை விட்டுப் போகாதது: பகிருங்கள்

வாசல்படி

நேராக விஷயத்துக்கு வருகிறேன். பூங்காவுக்குத்தான் கிளம்பினோம். ஒன்றரை வயதுக்காரியோடு கிளம்பியவர்களுக்குத் தெரியும், போய்ச் சேரும் இடத்தை முடிவு செய்வது நாம் இல்லை. நடைபாதை ஓரத்தில் எறும்பு வரிசை. குந்தி உட்கார்ந்துவிட்டாள்.

எறும்புகள் ஏதோ பூச்சியின் இறக்கையைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வரிசையின் குறுக்கே விரலை வைத்து ஒரு இழுப்பு இழுத்தாள். அவ்வளவுதான். வந்த எறும்பெல்லாம் அந்த இடத்தில் நின்று, திரும்பி, அங்குமிங்கும் ஓடின. (தரையில் விட்டுப் போகும் வாசனையைப் பிடித்துத்தானே நடக்கின்றன, அது அழிந்துவிட்டது.) இவள் விரலைத் தூக்கிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி விரலைப் பார்த்தாள். இது தன்னால்தான் நடந்தது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த முகத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

சரியாக அந்த நேரத்தில், காதில் பாட்டு மாட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்த ஒரு அம்மா அடுத்த சுற்று வந்தார். வேகத்தைக் குறைத்து, "இன்னும் இங்கேயேதானா? உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போது ஆரம்பித்தது. இன்று வரைக்கும் மனதுக்குள் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் வேறு பதில்.

உங்களிடமும் இப்படி ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் எழுதுங்கள்.

மரவட்டை அப்பா

எங்களுடையது எறும்பு இல்லை, மரவட்டை. தொட்டால் சுருண்டுகொள்ளுமே, அதுதான். பையனுக்கு இரண்டு வயது முடியப் போகிறது. சுருண்டு கிடந்ததை எடுத்தான். என்னிடம் கொடுக்கவில்லை. நேராகப் போய், பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர் முன்னால் நின்று நீட்டினான்.

அவர் போனில் யாரிடமோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார். குரலை அடக்கிப் போடும் சண்டை, கத்துவதை விட அது மோசம். நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் அவர் பேச்சை நிறுத்தி, "ஒரு நிமிஷம் இரு" என்று போனில் சொல்லிவிட்டு, உள்ளங்கையை விரித்தார். பையன் வைத்தான். அவர் விரலை மூடவில்லை. விரித்த கை விரித்தபடியே இருக்க, போனில் "சரி, நீ சொல்லு" என்றார். குரல் மாறியிருந்தது.

நாங்கள் கிளம்பும்போது மரவட்டை அவர் கையில் நடக்க ஆரம்பித்திருந்தது. அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். யாரோடு சண்டை, அப்புறம் என்ன ஆயிற்று, ஒன்றும் தெரியாது. தெரியப்போவதும் இல்லை. அதுதான் குடைகிறது.

ரெட்டைவால் அம்மா

மரவட்டை அப்பா, படித்தேன், ரொம்பப் பிடித்தது. ஆனால் சகோ, கை கழுவி விட்டீர்களா? மரவட்டை கடிக்காது. பயந்தால் உடம்பின் பக்கவாட்டிலிருந்து ஒரு நீரைக் கக்கும். தோலில் பட்டால் பழுப்பாகக் கறை பிடிக்கும், சிலருக்கு எரியும். கண்ணில் பட்டால் பெரிய பாடு. குழந்தையின் கை அடுத்துப் போவது கண்ணுக்கோ வாய்க்கோதான். சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்.

என் கதை சின்னது. சறுக்கு மரம். ஒரு அப்பா தன் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சறுக்கி வந்தார். பாதி வழியில் குழந்தையின் ஷூ பக்கத் தடுப்பில் மாட்டியது. அவர் நிற்கவில்லை, அந்த வேகத்தில் நிற்கவும் முடியாது. கீழே வந்ததும் குழந்தை காலை ஊன்றவே இல்லை. சுற்றி நின்றவர்கள் ஆளாளுக்கு "நிக்க வைங்க", "ரெண்டு எட்டு நடந்தா சரியாயிடும்" என்கிறார்கள். அவர் நிறுத்துகிறார், குழந்தை அந்த ஒரு காலை மட்டும் மடக்கிக்கொள்கிறது. மறுபடி நிறுத்துகிறார், மறுபடி மடக்குகிறது. அந்த மடக்கிய கால் என் கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

அதனால் சொல்கிறேன், கேட்டாலும் கேட்காவிட்டாலும். குழந்தை தனியாகச் சறுக்கும்போது கால் மாட்டினால், எடை குறைவு என்பதால் பெரும்பாலும் நின்றுவிடும், இல்லை புரண்டு வரும். மடியில் இருந்தால் நம் எடையும் சேர்ந்து தள்ளுகிறது. மாட்டிய கால் முறுக்கிக்கொண்டு, முழங்காலுக்குக் கீழே எலும்பு விரிசல் விடும். வெளியே வீக்கம்கூடச் சரியாகத் தெரியாமல் போகலாம். காலை ஊன்ற மறுக்கிறது என்றால் நடக்க வைத்துச் சோதிக்காதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். தனியாகச் சறுக்கத் தெரியவில்லையா, அந்தச் சறுக்கு மரம் அந்த வயதுக்குப் பெரியது. சின்னதில் விட்டுப் பக்கத்தில் நில்லுங்கள். வெயில் நேரத்தில் முதலில் உங்கள் உள்ளங்கையை அதில் வைத்துப் பாருங்கள். தகரம் மட்டும் இல்லை, பிளாஸ்டிக்கும் சுடும்.

அப்புறம் கை. நடுவழியில் உட்கார்ந்து அடம்பிடிக்கும் பிள்ளையை ஒற்றைக் கையைப் பிடித்து வெடுக்கென்று தூக்க வேண்டாம். இந்த வயதில் முழங்கையில் எலும்பைப் பிடித்திருக்கும் தசைநார் இன்னும் தளர்வாக இருக்கும், எலும்பு அதிலிருந்து நழுவிவிடும். கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, தொட வந்தால் அலறும். டாக்டர் ஒரு திருப்புத் திருப்பிச் சரிசெய்துவிடுவார், கொஞ்ச நேரத்தில் விளையாடப் போய்விடும். நாமே திருப்பிப் பார்க்கக் கூடாது. இரண்டு பக்கமும் அப்பாவும் அம்மாவும் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று ஊஞ்சல் ஆட்டுவதிலும் இதே வம்புதான். தூக்க வேண்டுமானால் அக்குளில் கை கொடுத்துத் தூக்குங்கள்.

நீளமாகிவிட்டது. பரவாயில்லை.

பகல்நிலா

அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள். எறும்பையும் மரவட்டையையும் படித்துச் சிரித்துக்கொண்டே கீழே வந்தால் எலும்பு விரிசல், கை நழுவல். தவறு என்று சொல்லவில்லை. அதற்கு இதுதான் இடமா என்று கேட்கிறேன்.

என் மகளைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு காலையில் நடப்பேன். ஒருநாள் மேலே கையைக் காட்டினாள். விமானமாக இருக்கும் என்று பார்க்காமலே "ஆமா ஆமா" என்றேன். கை இறங்கவில்லை. என் கன்னத்தைப் பிடித்து, முகத்தையே திருப்பினாள். நீல வானத்தில் வெளிறிப்போய் நிலா. ராத்திரியில் ஜன்னல் வழியாக நிலாவைக் காட்டியது நான்தான். பகலிலும் இருக்கும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அவளாகவே பார்த்து, அதுதான் இது என்று அடையாளம் கண்டுவிட்டாள்.

குடைவது அது இல்லை. சில நாள் கழித்து, அதே திருப்பத்துக்கு வந்ததும் அதே திசையில் கை நீண்டது. நிலா இல்லை. என் கன்னத்தைப் பிடித்துத் திருப்பினாள், நான் பார்த்தால் வந்துவிடும் என்கிற மாதிரி. நான் என்ன செய்ய? "தூங்கப் போயிருக்கு" என்றேன். நம்பவில்லை. வீட்டு வாசல் வரைக்கும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

ரெட்டைவால் அம்மா

இடம் இதுதான் தம்பி. சறுக்கு மரத்துக்குப் போகிறவர்கள்தானே இங்கே எழுதுகிறார்கள்?

கணக்கு தாத்தா

சண்டையில் நான் இல்லை. நிலாவுக்கு மட்டும் வருகிறேன்.

"தூங்கப் போயிருக்கு" என்று சொல்ல வேண்டியதில்லை, தம்பி. நிலா ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக எழும். பௌர்ணமி கழிந்த நாட்களில் ராத்திரி தாமதமாக எழுவதால், விடிந்த பிறகும் மேற்கே நிற்கும். நீங்கள் பார்த்தது அது. அமாவாசை நெருங்க நெருங்கச் சூரியனுக்குப் பக்கத்தில் போய்விடும், கண்ணுக்குத் தெரியாது. நீங்கள் மறுபடி போனது அந்த நாட்களாக இருக்கும். அமாவாசைக்கு ஒரு வாரம் கழித்து, பிற்பகலில் கிழக்குப் பக்கம் பாருங்கள். பாதி நிலா நிற்கும். அது ஏறக்குறைய மதியத்துக்கே எழுந்துவிடும். குழந்தை மதியம் தூங்கி எழும் நேரத்துக்குச் சரியாக இருக்கும். சூரியன் பக்கம் பார்க்க விடாமல் கட்டடத்தின் நிழலில் நின்று காட்டுங்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். சாயங்கால வெயில், நீள நிழல். பேத்தி தன் நிழலைக் காலால் மிதித்துப் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது நழுவிக்கொண்டே இருந்தது. பின்னால் நகர்ந்து நகர்ந்து என் நிழலுக்குள் வந்துவிட்டாள். அவளுடையது காணவில்லை. அப்படியே உறைந்து நின்றாள். கையைத் தூக்கினாள், தரையில் ஒன்றும் அசையவில்லை. உதடு பிதுங்கியது. நான் ஒரு எட்டு விலகினேன், நிழல் திரும்பி வந்தது. அதற்கப்புறம் அன்றைக்கு என்னை அவள் பக்கத்திலேயே விடவில்லை. "தாத்தா போ" என்று விரட்டினாள். திருடன் என்று முடிவு செய்துவிட்டாள் போலிருக்கிறது.

மூன்றாம் மாடி

வாசல்படி அக்கா, உங்களிடம் கேட்டதை என்னிடம் கேட்டிருந்தால் "ஆமாம், வேலை இருக்கு" என்று சொல்லியிருப்பேன். நான் வீடு திரும்பும்போது இருட்டிவிடும். நிலாவும் நிழலும் எங்களுக்குச் சனி ஞாயிறுதான். இதில் உறவுக்காரர் ஒருவர், உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது என்று அனுப்பியிருந்தார்: ஒரு வயதிலிருந்து தினமும் 180 நிமிடமாவது ஓடியாட வேண்டுமாம். படித்ததும் போனை எறியலாம் போலிருந்தது.

எங்களுக்கு வெளி என்றால் அநேகமாக மாடிப்படிதான். லிப்ட் இருக்கிறது, பையன் ஏற மாட்டான். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு படியில் ஒரு கால், அப்புறம் அதே படியில் இன்னொரு கால். பின்னால் ஒருவர் பெரிய அட்டைப்பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். லிப்டில் யாரோ சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்களாம். வழிவிட வேண்டுமே என்று பையனைத் தூக்கினேன், மாடி அதிர ஒரு அலறல். அவர் பெட்டியைப் படியில் இறக்கி வைத்துவிட்டு, "விடுங்கம்மா, ஏறட்டும். எனக்கும் மூச்சு வாங்குது" என்றார்.

அப்புறம் நடந்ததுதான். பையன் ஒவ்வொரு படி ஏறியதும் திரும்பி அவரைப் பார்த்தான். அவரும் ஒரே ஒரு படி ஏறி நின்றார். இவன் ஏற, அவர் ஏற, மூன்று மாடியும் அப்படியே வந்தார்கள். நடுவில் அவர் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

அவர் வேலைக்கு நிமிடக் கணக்கு உண்டு. அடுத்த வீட்டில் "ஏன் லேட்டு?" என்று கேட்டிருப்பார்கள். என்ன சொல்லியிருப்பார்?

துளிர்

மூன்றாம் மாடி, போனை எறியாதீர்கள். அந்த 180 நிமிடம் ஒரே மூச்சில் இல்லை, நாள் முழுக்கச் சிதறியது. வீட்டுக்குள் நாற்காலியைத் தள்ளுவது, கட்டிலில் ஏறி இறங்குவது, ஆடுவது எல்லாம் கணக்கில் வரும். உங்கள் மாடிப்படி கட்டாயம் வரும். அதே வழிகாட்டுதலில் தள்ளுவண்டியில் தொடர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டி வைக்க வேண்டாம் என்று இருக்கிறது. ஒரு வயதில் திரையே வேண்டாம், இரண்டு வயதில் ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்றும் இருக்கிறது. உறவுக்காரர்கள் அதையும் அனுப்புவார்கள், தயாராக இருங்கள்.

எனக்கு ஒட்டிக்கொண்டது நல்ல கதை இல்லை. மழை விட்ட நேரம், பாதையில் தேங்கிய தண்ணீர். மகன் அதற்குள் குதிக்கவில்லை. பக்கத்தில் நின்று காய்ந்த தரையை மிதித்தான், சத்தம் வரவில்லை. ஓரத்தை மிதித்தான், கொஞ்சம் தெறித்தது. நடுவில் போய் இரண்டு காலையும் சேர்த்து எம்பினான். கால் தரையை விட்டுக் கிளம்பியதே அன்றைக்குத்தான் முதல் தடவை. நான் கை தட்டினேன். நிமிர்ந்தால் எதிரே ஒரு இளைஞர் போனை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

அழிக்கச் சொன்னேன். "அழகா இருந்துச்சுங்க, அதான்" என்றார். உடனே என் கண் முன்னாலேயே அழித்தார், மரியாதையாகத்தான் பேசினார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அழித்த படம் போனில் இன்னொரு இடத்தில் போய்ச் சில நாள் உட்கார்ந்திருக்கும் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. என் பிள்ளையின் முதல் குதியல் என்னிடம் படமாக இல்லை. அவரிடம் இருக்கிறதோ என்னவோ.

மரவட்டை அப்பா

துளிர், அவர் அழித்திருப்பார். சத்தம் போடாமல் போனைக் காட்டுகிறவர் பெரும்பாலும் அழித்துவிடுவார். இருந்தாலும் உங்கள் எரிச்சல் புரிகிறது.

ரெட்டைவால் அம்மா, கை கழுவிவிட்டேன். அந்த மனிதர் கழுவினாரா என்றுதான் இப்போது புதுக் கவலை.

பகல்நிலா

கணக்கு தாத்தா, நீங்கள் சொன்னபடியே பிற்பகலில் கிழக்கே பார்த்தேன். அதே மாதிரி பாதி நிலா. தோளில் தூக்கிக் காட்டினேன். ஒரு தடவை பார்த்துவிட்டு இறக்கிவிடச் சொன்னாள். மழைநீர் வடிகால் மூடியில் இருக்கும் ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டாள். பொடிக் கல்லாகப் பொறுக்கி ஒவ்வொன்றாக உள்ளே போட்டு, கீழே விழும் சத்தத்துக்குக் காதைச் சாய்த்துக் காத்திருக்கிறாள். மூடி ஆடாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று மிதித்துப் பார்த்துக்கொண்டேன். நிலாவைத் தேடி நான் பட்ட பாடு எனக்குத்தான்.

அக்கா, இப்போது நானே கேட்கிறேன். இந்தக் கல் விவகாரம் சரியா?

ரெட்டைவால் அம்மா

கேட்டுவிட்டீர்களா! கழிப்பறைக் காகிதம் சுற்றி வரும் அட்டைக் குழாய் தெரியுமில்லையா, அதற்குள் நுழைகிற எதுவும் மூன்று வயதுக்குக் கீழே வாய்க்குப் போனால் ஆபத்து. அவள் பொறுக்கும் கல் எல்லாமே நுழையும். அதற்காகத் தடுக்காதீர்கள், பக்கத்திலேயே குந்திக்கொள்ளுங்கள். அவள் வாயில் எதையும் போட்டுப் பார்க்கும் ரகம் என்றால், கை நிறைய அள்ள விடாமல் ஒவ்வொரு கல்லாக நீங்களே எடுத்துக் கொடுங்கள். போனைப் பைக்குள் வையுங்கள். ஒரு கல்லை உங்களிடம் நீட்டினால் வாங்கி நீங்களும் உள்ளே போடுங்கள், அவள் காத்திருப்பாள்.