'பாஸ்' (இடைநிறுத்தம்) செய்தாலும் 'பிளேயிங்' (ஓடுகிறது) என்றே காட்டுகிறது: ஃபயர் டிவி + ஹோம் அசிஸ்டன்ட்

கேள்வி:
ஃபயர் டிவி ஸ்டிக்கை ஏடிபி (ஆண்ட்ராய்டு கருவிக்கு வெளியிலிருந்து கட்டளை அனுப்பும் வழி) மூலம் ஹோம் அசிஸ்டன்ட்டில் (வீட்டுக் கருவிகளை இணைத்துத் தானாக இயக்கும் மென்பொருள்) சேர்த்திருக்கிறேன். படம் ஓடினால் ஹால் லைட் மங்கவேண்டும், நிறுத்தினால் எரியவேண்டும். யூடியூபில் பிரச்சினை இல்லை. ஒரு ஓடிடி செயலியில் மட்டும் பாஸ் செய்தாலும் 'பிளேயிங்' மாறுவதில்லை. அதையே குரோம்காஸ்ட்டுக்கு அனுப்பினால் செயலியின் பெயர் மட்டும் வருகிறது, நிலை வருவதில்லை. எங்கே பார்ப்பது?

பதில் 1:
முதலில் ஏடிபி ஷெல்லில் 'டம்ப்சிஸ் மீடியா_செஷன்' (dumpsys media_session) கட்டளையைக் கொடுங்கள். செயலிகள் தங்கள் பிளேயரின் நிலையை ஆண்ட்ராய்டிடம் சொல்லும் பதிவுகள்தான் 'செஷன்'. பழைய செயலிகளின் செஷன்களும் அந்தப் பட்டியலில் ஒட்டிக்கொண்டிருக்கும். உங்கள் செயலியின் பேக்கேஜ் பெயருக்கு (ஆண்ட்ராய்டு அதை அடையாளம் காணும் உள்பெயர்) கீழே உள்ள 'ஸ்டேட்' எண்ணை மட்டும் பாருங்கள். 3 என்றால் ஓடுகிறது, 2 பாஸ், 6 பஃபரிங், 1 நிறுத்தம். படம் ஓடும்போது, பாஸில், செயலியின் மெனுவில் என்று மூன்று முறை எடுத்து ஒப்பிடுங்கள்.

எண் மாறவே இல்லை என்றால் அந்தச் செயலி தன் சொந்த பிளேயரின் நிலையை ஆண்ட்ராய்டிடம் சொல்வதில்லை. அப்போது 'டம்ப்சிஸ் பவர்' (dumpsys power) கொடுத்து, 'வேக் லாக்ஸ் சைஸ்' (Wake Locks: size, கருவி தூங்காமலிருக்கப் பிடித்திருக்கும் லாக்குகளின் எண்ணிக்கை) எவ்வளவு என்று அதே மூன்று நிலையிலும் குறித்துக்கொள்ளுங்கள். ஓடும்போது திரை அணையாமலிருக்கச் செயலி ஒரு லாக் பிடித்திருக்கும், பாஸில் பெரும்பாலும் விட்டுவிடும். இந்த எண்ணிக்கை கருவிக்குக் கருவி வேறுபடும், செயலி அப்டேட் ஆனாலும் மாறலாம். இந்த எண்ணை வைத்து ஹோம் அசிஸ்டன்ட்டில் நிலையைக் கண்டறியும் விதி எழுதலாம், ஆனால் அடுத்தவர் எழுதியதை அப்படியே ஒட்டாதீர்கள்.

பதில் 2:
குரோம்காஸ்ட் பக்கம் தோண்டிப் பயனில்லை. 8009 போர்ட்டில் இரண்டு தகவல் வரும்: எந்தச் செயலி திறந்திருக்கிறது என்பது ரிசீவர் நிலை, ஓடுகிறதா நிற்கிறதா என்பது மீடியா நிலை. முதலாவதைக் கருவியே சொல்லிவிடும். இரண்டாவதைச் செயலிதான் பொதுவான மீடியா நேம்ஸ்பேஸில் (செய்திகள் போகும் தனித் தடம்) அனுப்பவேண்டும். தன் சொந்த நேம்ஸ்பேஸில் பேசிக்கொள்ளும் செயலி என்றால் உங்களுக்குப் பெயர் மட்டும்தான் மிஞ்சும். கூகுள் டிவி உள்ள குரோம்காஸ்ட் என்றால் அதற்கும் ஏடிபிதான் வழி. பழைய குரோம்காஸ்ட் டாங்கிளில் அதுவும் கிடையாது.

பதில் 3:
ரவுட்டர் டிராஃபிக்கை வைத்துக் கண்டுபிடிக்கச் சிலர் சொல்வார்கள், வேண்டாம். வீடியோ துண்டு துண்டாகத்தான் இறங்கும். ஓடும்போதே இடையிடையே அமைதி, பாஸில் பஃபர் நிரம்பும்வரை பாய்ச்சல். ஸ்மார்ட் பிளக்கும் அப்படியே: டிவி இழுக்கும் மின்சாரம் காட்சியின் வெளிச்சத்தைப் பொறுத்து ஏறி இறங்கும்.

கேட்டவர்:
பார்த்தேன். ஸ்டேட் எப்போதும் 3. வேக் லாக் ஓடும்போது 4, பாஸில் 2. விதியை எப்படி எழுதுவது?

பதில் 1:
ஹோம் அசிஸ்டன்ட்டில் ஃபயர் டிவியைச் சேர்த்த இன்டக்ரேஷனின் (இணைப்பின்) 'கான்ஃபிகர்' பகுதியில் நிலை கண்டறியும் விதிகள் இருக்கும். பேக்கேஜ் பெயரைக் கொடுத்து, முதல் விதியாக 'பாஸ்டு': ஸ்டேட் 3, வேக் லாக் 2. அடுத்து 'பிளேயிங்': ஸ்டேட் 3. கடைசியில் 'ஐடில்' (எதுவும் ஓடவில்லை). மேலிருந்து கீழாகத்தான் சரிபார்க்கும், முதலில் பொருந்துவதோடு நின்றுவிடும். வரிசையை மாற்றினால் பாஸ் விதிக்கு வேலையே வராது.

லைட் ஆட்டோமேஷனில் செயலியின் பெயரையும் நிபந்தனையாகச் சேருங்கள். இல்லாவிட்டால் முகப்புத் திரையில் தானாக ஓடும் டிரெய்லருக்கெல்லாம் லைட் மங்கும். ஏடிபி நிலையைச் சுமார் 10 விநாடிக்கு ஒருமுறைதான் கேட்கும் என்பதால் அந்த அளவுக்குத் தாமதம் இருக்கும்.